இரண்டு மரத்து அளவு

அந்தத் தீவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ‘ஆமைத் தபால்’ என்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வீடு வீடாகத் தபால் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. ஆனால் விடியற்காலையில் கடலோரமாக ஆமைத் தடம் தேடி நடந்துவிட்டு, காலில் ஒட்டிய மணலோடுதான் தபால் நிலையத்துப் படியேறுவாள். கடிதம் ஒரு நாள் தாமதமாகிவிட்டால் போதும், பேக்கரிக்காரர் ஆரம்பித்துவிடுவார்.

"ஆமை முதுகுல ஏத்தி அனுப்பினா இப்படித்தான் வந்து சேரும்."

"முயல் முதுகுல ஏத்தினா பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிடும். ஆமைன்னா விலாசம் பாத்துத்தான் குடுக்கும். கையெழுத்துப் போடுங்க" என்பாள் அவள்.

அவளுடைய அண்ணன் தையல்காரர். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தவர். தங்கையை யாராவது கிண்டல் செய்தால் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு பேசாமல் இருப்பார். கிண்டல் செய்தவர் அடுத்து சட்டை தைக்கக் கொடுத்தால் அந்தச் சட்டை ஒரு வாரம் தள்ளிப்போகும். அவருடைய கோபம் அவ்வளவுதான். ஆனால் அது தவறாமல் நடக்கும்.

தங்கையைப் பற்றி அவருக்கு இருந்த பெருமையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெட்டிய துணியை அவரே இரண்டு முறை அளந்து பார்ப்பார் என்றால், அவள் சின்ன வயதில் அவர் அளந்ததை மூன்றாவது முறை அளந்து, "இங்க கொஞ்சம் கூட இருக்குண்ணே" என்பாள். கூடத்தான் இருக்கும். அந்தப் பழக்கம்தான் பின்னால் அவளைக் கடலுக்குள் கொண்டுபோனது.

கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து, ஊரில் ஆர்வமுள்ளவர்கள் ஆமைக் குழிகளையும் பவளப்பாறைகளையும் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டபோது, கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது. சம்பளம் கிடையாது என்றதும் பாதி நாற்காலி காலியானது. மிச்சம் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர்தான் மறுநாள் கடற்கரைக்கு வந்தார்கள். தங்கை, ஓய்வு பெற்ற நர்ஸம்மா, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு தீவைவிட்டுப் போய்விட்டார். நர்ஸம்மாவுக்கு முழங்கால் வலி. தண்ணீரில் இறங்க மாட்டார். ஆக, பாறையைப் பார்க்கும் வேலை முழுவதும் தங்கையின் தலையில்.

வேலை எப்படி என்று அவள் அண்ணனுக்கு ஒரு நாள் காட்டினாள். கடலடியில் இரண்டு இரும்பு முளை அடித்திருக்கும். ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு கட்ட வேண்டும். கயிற்றில் முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல். தண்ணீருக்குள் பென்சில் எழுதும் என்பதே தையல்காரருக்கு அதிசயமாக இருந்தது. அன்றிலிருந்து அவளுடைய பென்சில்களைச் சீவிக் கொடுப்பது அவர் பொறுப்பாயிற்று. துணி வெட்டும் பிளேடால் கூர் உடையாமல் சீவுவார்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர் தலையை உள்ளே விட்டது அந்த ஒரு முறைதான். மூச்சுக்குழாயில் உப்புத்தண்ணீர் புகுந்து இருமி இருமிக் கண் சிவந்து மேலே வந்தார். இருந்தாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். இத்தனை வருஷம் துணிக்கடைகளில் ஏறி இறங்கியவர். இத்தனை நிறத்தை அவர் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கரைக்கு வந்ததும், "சாயம் போகாதா?" என்று கேட்டார்.

"தண்ணி சூடாகாம இருந்தா போகாது" என்றாள் தங்கை.

இரண்டு வருஷம் கழித்துத் தண்ணீர் சூடானது. அந்தக் கோடையில் கடலில் கால் வைத்தால் குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் மாதிரி இருந்தது. பவளம் எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆனது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் படகில் போய்ப் பார்த்து, பனி பெய்த மாதிரி அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தையல்காரரும் அழகாகத்தான் இருக்கும்போல என்று நினைத்தார்.

"அழகு இல்லண்ணே. பட்டினியில வெளுத்துப் போயிருக்கு. இன்னும் உயிர் இருக்கு. தண்ணி குளுந்துட்டா பொழச்சுக்கும்."

தண்ணீர் குளிரவில்லை. வெள்ளை மேல் பழுப்புப் பாசி படர்ந்தது. அதற்குப் பிறகு அவள் கடலுக்குள் போய் வரும் நாட்களில் பலகையில் எல்லா முடிச்சுக்கும் ஒரே எழுத்துதான் இருந்தது. ஆனாலும் போய் வந்தாள். அவள் கணவன் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவன், வாய்க்காரன். ஒரு நாள் தையல்காரரிடம் முறையிட்டான்.

"மச்சான், எழவு வீட்டுக்கு ஒரு தடவ போனா மரியாதை. உங்க தங்கச்சி மாசா மாசம் போயி, எழுந்துட்டாங்களான்னு எட்டிப் பாத்துட்டு வர்றா."

"நீ போய்க் கூப்பிட்டுப் பாரேன் மாப்பிள்ள, எழுந்து வருதான்னு" என்றார் தையல்காரர். மாப்பிள்ளை சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. அவள் தலை துவட்டிக்கொண்டே ஈரப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருந்தார்.

பாறை செத்ததன் பலன் கரைக்கு வர அதிக நாள் ஆகவில்லை. முன்பெல்லாம் பெரிய அலை பாறையில் மோதி உடைந்து, களைத்துப் போய்த்தான் கரைக்கு வரும். செத்த பவளம் நொறுங்க நொறுங்க, அலை முழு பலத்தோடு வந்தது. கடற்கரையோர வீடுகள் வரிசையில் தையல்காரருடையதும் ஒன்று. முன்னறை கடை, பின்னறை வீடு. கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில் தண்ணீர் வாசல் படியைத் தாண்டிக் கடைக்குள் வரும். தையல் மெஷினின் கால்களுக்குச் செங்கல் வைத்தார். துணிக்கட்டுகளை விட்டத்திலிருந்து கயிறு போட்டுத் தொங்கவிட்டார். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த பட்டுத்துணி ஒன்று உப்புநீர் பட்டுக் கறையாகி, அதற்கு அவர் மனைவி தெருவில் நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது.

கரையோர வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கல்சுவர் கட்டித் தரச் சொல்லி மனு எழுதினார்கள். தையல்காரரும் கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் போன அந்த மனுவை வாங்கி முத்திரை குத்தியவள் தங்கைதான். சுவர் வந்தால் அந்தக் கரையில் ஆமை ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும். முத்திரையை எப்போதும் போல நேராகத்தான் குத்தினாள். "சொவரு வேணாம்னு நான் எப்படிண்ணே சொல்றது? உங்க வீட்டுக்குள்ள நண்டு ஓடுது" என்றாள்.

மனு போய், ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போய், ஒரு வருஷம் சத்தமே இல்லை. அந்த வருஷத்தில்தான் ஆமை வந்தது.

இரண்டு பருவமாக அந்தப் பக்கம் ஒரு தடம்கூட இல்லை. ஒரு விடியற்காலையில் தையல்காரர் வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தால், தங்கை அவர் வீட்டுக்கும் பேக்கரிக்கும் நடுவில் இருக்கும் மணலில் மண்டியிட்டுக் கிடக்கிறாள். டிராக்டர் போன மாதிரி அகலமான தடம் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து திரும்பிப் போயிருந்தது. அவரைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள். ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ரகசியம் தெரிந்துவிடும்.

ரகசியத்துக்குக் காரணம் இருந்தது. முட்டையைத் தோண்டி எடுத்து விற்கிறவர்கள் உண்டு. குழியின் மேல் ஒரு குச்சி நட்டால் அது அவர்களுக்குத்தான் உதவும். அதனால் இந்தத் தொண்டர்கள் குழியின் மேல் எந்த அடையாளமும் வைப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் இரண்டு மரங்களிலிருந்து குழிக்கு நாடா பிடித்து அளந்து, இரண்டு அளவை மட்டும் வைத்துக்கொள்வார்கள். பிறகு எப்போது வந்து பிடித்தாலும், இந்த மரத்து அளவும் அந்த மரத்து அளவும் எங்கே முட்டிக்கொள்கிறதோ அங்கே குழி. கழுத்திலிருந்து ஒன்று, தோளிலிருந்து ஒன்று பிடித்து மார்புப் பையின் இடத்தைக் குறிக்கிற மாதிரி என்று தையல்காரருக்கு உடனே பிடிபட்டது. அன்று நாடாவின் ஒரு முனையைப் பிடித்தவர் அவர்தான். ஒரு முனை அவர் வீட்டுப் பக்கத்துத் தென்னை. இன்னொன்று பேக்கரிப் பக்கத்துப் பூவரசு. தடத்தைத் துடைப்பத்தால் கலைத்துவிட்டு இருவரும் ஒன்றும் நடக்காததுபோல் தேநீர் குடித்தார்கள்.

வீட்டு வாசலைவிட மேடாக இருந்த மணலில், ஏற்றத்துக்கு எட்டாத உயரத்தில், ஆமை நல்ல இடமாகப் பார்த்துத்தான் இட்டிருந்தது. அப்படிப்பட்ட குழியை இடம் மாற்றுவதில்லை. இட்ட சில மணி நேரத்துக்குள் என்றால் மாற்றலாம். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். முட்டையைப் புரட்டினால் செத்துவிடும். அப்புறம் கிட்டத்தட்ட இரண்டு மாதம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

முதல் மாதம் முடிகிற சமயத்தில் கல் ஏற்றிய தோணிகள் வந்துவிட்டன.

வேலையை மேற்பார்வை பார்க்க வந்த சூப்பர்வைசர் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டே நடக்கும் மனிதர். படகுத்துறைப் பக்கமிருந்து சுவர் வளர்ந்து வந்தது. தங்கை தபால் பையோடு போய் அவர் முன்னால் நின்றாள்.

"சார், தையல்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவுல ஆமை முட்டை இருக்கு. பொரிஞ்சு போற வரைக்கும் அந்தத் துண்டை விட்டுட்டு மேல கட்டிட்டுப் போங்க. கடைசியா வந்து மூடிக்கலாம்."

"எந்த இடத்துலம்மா?"

"அது சொல்லக் கூடாது சார்."

"ஏன், நான் ஆம்லெட் போட்டுடுவேனா?"

"நீங்க போட மாட்டீங்க. உங்க ஆளுங்க எல்லாரையும் எனக்குத் தெரியாதே."

அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "சரி. அந்த மணல்ல கால் வைக்க மாட்டோம். போதுமா?" என்றார். சொன்னபடி அந்தத் துண்டை விட்டுவிட்டுச் சுவர் அந்தப் பக்கம் போனது. நல்ல மனிதர் என்று தங்கை அண்ணியிடம் சொன்னாள். குஞ்சு பொரிக்க இன்னும் எத்தனை நாள் என்று நர்ஸம்மா எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் சுவர் எழுந்ததும் கடலுக்கு அந்த இடைவெளிதான் வாசல் ஆனது. மழைக்கால முதல் பெருங்காற்றில் வந்த அலை முழுவதும் அதன் வழியாகவே நுழைந்தது. பேக்கரியின் பின்சுவர் சரிந்து, ரொட்டி அடுப்புக்குள் கடல் தண்ணீர் புகுந்தது. தையல்காரர் வீட்டில் பின்னறைத் தரை பிளந்துவிட்டது. மறுநாள் பேக்கரிக்காரர் கடைக்குள் வந்து நின்றார். அன்றைக்குக் கிண்டல் எதுவும் இல்லை.

"தையல்காரரே, உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. ஆமைக்கு இடம் விட்டாச்சு, என் அடுப்புக்கு இடம் இல்ல. இது நியாயமா?"

தையல்காரர் உதட்டிலிருந்த குண்டூசியை எடுத்தார். மறுபடி வைத்துக்கொண்டார். நியாயம் இல்லை என்று அவருக்கும் தெரியும். அவர் மனைவி உள்ளிருந்து, "எங்க வீட்டுத் தரையும்தான் பிளந்து கிடக்கு. நாங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று குரல் கொடுத்தாள். பேக்கரிக்காரர் போய்விட்டார். தங்கையிடம் தையல்காரர் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. தெருவில் பாதிப் பேர் அவளிடம் கடிதம் வாங்கும்போது பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

இடைவெளியை உடனே மூடச் சொல்லி சூப்பர்வைசருக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. பொரிக்க இன்னும் மூன்று வாரமாவது இருந்தது. தங்கை ஆராய்ச்சி நிலையத்து அம்மாளுக்குப் போன் செய்தாள். அந்த அம்மாளும் யார் யாரிடமோ பேசிப் பார்த்துவிட்டு, வீடுகள் விழுகிற இடத்தில் நம்மால் ஒன்றும் சொல்ல முடியாது என்று வருத்தப்பட்டார். குழிக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, சுற்றி வளைத்துக் கல் போட முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. மறுநாள் வேலை முடிந்ததும் சூப்பர்வைசரை அழைத்துவந்து இடத்தையே காட்டிவிடுவது என்று தங்கை முடிவு செய்தாள். ரகசியத்தை இனி வைத்துக்கொண்டு பயனில்லை.

அவள் நாடாவை எடுத்துக்கொண்டு வந்தபோது சூப்பர்வைசரே சிரித்த முகத்தோடு எதிரில் வந்தார்.

"உன் மணல் மேல ஒரு சக்கரம்கூட ஏறலம்மா. கடல் பக்கமா வந்தா முட்டை நசுங்கிடுமேன்னு, பின்னாடி தெருப் பக்கமாவே பொக்லைனைக் கொண்டாந்துட்டேன். ரெண்டு மரம் மறிச்சுது. அதையும் வேரோட எடுத்துட்டு மண்ணைத் தட்டியாச்சு."

"எந்த மரம் சார்?"

"அதான், ஒரு தென்னை. ஒரு பூவரசு."

தையல்காரர் கடை வாசலில் நின்றிருந்தார். காலையிலிருந்து மெஷின் சத்தத்தில், வெளியே ஏதோ மரம் அறுக்கிறார்கள் என்று மட்டும் நினைத்து ஒரு பாவாடைக்கு மடிப்பு தைத்துக்கொண்டிருந்தார். தங்கை கையில் நாடாவோடு அந்தத் தட்டிய மண்ணைப் பார்த்தபோதுதான் அவருக்கும் உறைத்தது. தென்னை நின்ற இடம் எது, பூவரசு நின்ற இடம் எது என்று ஒரு அடையாளமும் இல்லை. லாரியில் கொண்டுவந்த செம்மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். மணலையோ புயல் அலை ஏற்கெனவே வழித்துப் போட்டிருந்தது. இரண்டு அளவு கையில் இருக்கிறது, எதிலிருந்து அளப்பது?

சூப்பர்வைசருக்கு அவள் விளக்கிச் சொன்னதும் குடையை மடக்கிவிட்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா அந்த மரத்துல ஒரு இலையைக்கூடத் தொட்டிருக்க மாட்டேனே" என்றார்.

"ஆமா சார்" என்றாள் அவள்.

"நாளைக்குச் சாயங்கால ஏத்தத்துக்குள்ள கல்லு விழுந்தாகணும்மா. அதுக்கு மேல என் கையில இல்ல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிந்ததும் எல்லோரும் மணலில் இருந்தார்கள். நர்ஸம்மா ஒரு முக்காலியோடு வந்தார். மாப்பிள்ளை துறையில் வேறு ஆளை நிறுத்திவிட்டு வந்தான். தென்னை எங்கே நின்றது என்பதைத் தையல்காரர் மனைவிதான் கண்டுபிடித்தாள். வீட்டுச் சுவரில் துணிக்கொடிக்கு அடித்த கொக்கி இருந்தது. கொடியின் மறுமுனை தென்னையில் கட்டியிருந்தது. அறுந்து கிடந்த கொடியை எடுத்து, "ஆறு சேலை நெருக்கிக் காயப் போடுவேன், ஏழாவது இடிக்கும்" என்று சொல்லி, கொடியை இழுத்துக்கொண்டு நடந்து ஒரு இடத்தில் நின்றாள். "இங்கதான். இந்த இடத்துல நின்னுதான் தலையில தேங்கா விழுமோன்னு பயந்துட்டே காயப் போடுவேன்."

அங்கே ஒரு கல்லை நட்டார்கள். பூவரசுக்குத்தான் சண்டை. நர்ஸம்மா ஒரு இடம் சொன்னார். மாப்பிள்ளை வேறு இடம் சொன்னான். குரல் கேட்டு, இடிந்த சுவர் வழியாகப் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. தினம் என் சைக்கிளை அந்த மரத்துலதான் சாத்துவேன். என் வாசப்படியிலேருந்து பாத்தா மணி தெரியும், சீட்டு தெரியாது."

வாசற்படியில் போய் நின்று, கையை இப்படி அப்படி ஆட்டி மாப்பிள்ளையை நகர்த்தினார். மாப்பிள்ளை சைக்கிளாக நின்றான். "இன்னும் கொஞ்சம் தள்ளு. உனக்கு வயிறு வேற மறைக்குது." அந்த நாளில் எல்லோரும் சிரித்தது அப்போது மட்டும்தான். தங்கையும் சிரித்தாள்.

ஆனால் அந்த இடத்திலிருந்து பிடித்தால் இரண்டு நாடாவும் முட்டிய இடம் குழியாக இருக்க முடியாத தாழ்வில் வந்தது. கொஞ்சம் நகர்த்தினால் செம்மண்ணுக்குள் போனது. கடைசியில் தங்கை, தென்னையை மட்டும் நம்பலாம் என்றாள். தென்னையிலிருந்து அந்த அளவில் வில்லாக வளைத்து மணலில் கோடு போட்டாள். குழி அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது. மண்வெட்டி போடக் கூடாது. குச்சியால் குத்திப் பார்க்கக் கூடாது. கையால்தான்.

தையல்காரர் வாழ்நாளில் மணல் தோண்டியவர் இல்லை. அவருடைய விரல்களுக்கு ஊசித் துவாரம் தெரியும், இழை பிரிந்த துணி தெரியும். முட்டை எப்படி இருக்கும் என்று கேட்டார். "கெட்டியா இருக்காதுண்ணே. தோல் மாதிரி அமுங்கும். அதுக்கு மேல இருக்கிற மணல் மட்டும் கொஞ்சம் பொலபொலன்னு இருக்கும்" என்றாள். அவர் கோட்டின் ஒரு முனையில் மண்டியிட்டார். அவள் மறுமுனையில்.

மணல் ஈரமாக இருந்ததால் தோண்டிய பக்கம் சரிந்துகொண்டே வந்தது. ஒற்றைச் செருப்பு, பாட்டில் மூடி, பேக்கரியின் உடைந்த தட்டு ஒன்று கிடைத்தன. ஒரு இடத்தில் மணல் பொலபொலவென்று உதிர்ந்ததும் தையல்காரர் கையை அசைக்காமல் நிறுத்தினார். தங்கையைக் கூப்பிட்டார். அவள் ஓடிவந்து அவர் கையை மெதுவாக விலக்கி, தன் கையை விட்டாள். நண்டு வளை. "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அவர் மறுபடி யாரையும் கூப்பிடவில்லை.

மத்தியானம் பொக்லைன் ஓட்டுகிறவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, நடுவில் உட்கார்ந்து தோண்டத் தொடங்கினார். பேக்கரிக்காரர் ஒரு தட்டில் ரொட்டி கொண்டுவந்து வைத்தார். யாரும் கை கழுவவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறியது. நர்ஸம்மா முக்காலியிலிருந்து குனிந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ செய்தி சொன்னவர். அந்தக் குரலிலேயே சொன்னார்.

"அன்னிக்குப் புயல்லயே தண்ணி இந்த மட்டத்துக்கு வந்திருக்கும்மா. முட்டை ஓட்டுல மூச்சு போக வழி இருந்திருக்காது."

"மேட்டுப் பக்கம் இருந்தா வந்திருக்காது" என்றாள் தங்கை. தோண்டுவதை நிறுத்தவில்லை.

கோடு முழுவதும் வாய்க்கால் மாதிரி வெட்டியாயிற்று. கொடி கட்டிய இடம் ஒரு அடி தவறியிருந்தாலும் கோடு முழுவதும் தவறு. இன்னொரு வாய்க்கால் வெட்ட வேண்டும். அதற்கு அடுத்து இன்னொன்று. கடல் ஓசை மாறியிருந்தது. ஏற்றம் திரும்பியதை அந்த வரிசையில் குடியிருந்தவர்கள் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். சூப்பர்வைசர் மடக்கிய குடையோடு தள்ளி நின்றார். நேரமாகிறது என்று அவர் சொல்லவில்லை. பேக்கரிக்காரரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கை ஓய்ந்து தங்கையைப் பார்த்தார்கள்.

தையல்காரர் மட்டும் பார்க்கவில்லை. இந்தக் கல் இன்று விழாவிட்டால் நாளைக்குத் தன் பின்னறை இருக்காது என்று அவருக்குத் தெரியும். அவள் தன்னைப் பார்த்துவிட்டால் தன் முகத்தில் அது எழுதியிருக்கும் என்று பயந்து, காலியாகத் தோண்டிய இடத்தையே மறுபடி தோண்டினார்.

அவள் எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"போடுங்க சார்."

"இன்னும் அரைமணி நேரம் வேணும்னா..."

"அரைமணியில எதுவும் ஆகாது. அண்ணன் வீடு போயிடும். போடுங்க."

பொக்லைன் ஓட்டுகிறவர் ஏறிப்போய் இஞ்சினைப் போட்டார். முதல் கல்லைக் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி மெதுவாக இறக்கினார். எவ்வளவு மெதுவாக இறக்கினாலும் கல்லின் எடை கல்லின் எடைதான். தரை அதிர்வது தையல்காரருக்கு உள்ளங்காலில் தெரிந்தது. தங்கை கடைசிக் கல் வரைக்கும் நின்று பார்த்தாள். மாப்பிள்ளை தரையில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்று ஏற்றம் வந்தது. சுவரில் மோதித் திரும்பிப் போனது. தையல்காரர் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மறுநாள் தங்கை கடையில் உட்கார்ந்துதான் ஆராய்ச்சி நிலையத்து அம்மாளிடம் பேசினாள். அந்தப் பக்கத்துக் குரல் தையல்காரருக்கும் கேட்டது. அந்த அம்மாள் அன்பாகத்தான் பேசினார்.

"குழி அழிஞ்சுது, குஞ்சு எதுவும் இல்லன்னு போட்டுக்கவா?"

"வேணாம் மேடம். நான் பாக்கலையே. கண்டுபிடிக்க முடியலன்னு போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"இல்ல மேடம்."

போனை வைத்துவிட்டு, வெட்டிக் கிடந்த ஒரு சட்டைக் கையை எடுத்து மடித்து மடித்துப் பிரித்தாள். தையல்காரர், "செத்துப்போச்சுன்னு போட்டுடச் சொல்லேன். விட்டுடலாம்ல. மனசுக்காவது ஒரு முடிவு" என்றார்.

"எனக்கு முடிவு வேணும்கறதுக்காக அதுங்களைச் சாகடிக்கவாண்ணே?"

அவர் மெஷினை மிதித்தார். நூல் கோக்காத ஊசி துணியில் வெறுமனே ஓட்டை போட்டுக்கொண்டு போனது.

மூன்று வாரம் கழித்து, பொரிக்க வேண்டிய நாள் வந்தபோது அவள் சுவரின் மேல் ஏறி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்துகளில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். குஞ்சு பொரித்தால் மேலே வர வழி தேடும். சந்து வழியாக ஏதாவது ஒன்று வரலாம். தையல்காரரும் கூடப் போனார். வயதான கண்தான். ஆனால் இருட்டுத் துணியில் கறுப்பு நூலைத் தேடிப் பழகிய கண். கல்லில் வயிற்றை வைத்துப் படுத்து ஒவ்வொரு சந்தாகப் பார்த்தார். குஞ்சு இல்லை, குஞ்சு நகர்ந்த கீறல் இல்லை. முட்டை அழுகியிருந்தால் எறும்பாவது ஈயாவது வரும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதுவும் இல்லை. அவர்கள் தோண்டிய இடத்தில்தான் குழி இல்லை என்றால், கல்லுக்கு அடியில் எங்கே என்று எப்படித் தெரியும்?

அப்படி இரண்டு வாரம் போனது. ஒரு விடியற்காலையில் அவள் சுவரில் ஏறவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால், இன்னும் மணல் மிச்சமிருக்கும் பக்கத்துக்கு நேராக நடந்தாள். அங்கேயும் அடுத்த வருஷம் கல் வரப்போவதாகப் பேச்சு இருந்தது. அண்ணனைப் பார்த்து, "வர்றீங்களா?" என்றுகூடக் கேட்கவில்லை. காலம் தாண்டிவிட்டது என்பதை அவள் சொன்ன விதம் அதுதான்.

தையல்காரர் மட்டும் சுவரில் ஏறினார். வழக்கமாகப் பார்க்கும் சந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பேக்கரிக்காரர் புதிதாகக் கட்டிய பின்சுவருக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"என்ன தையல்காரரே, கல்லுக்குள்ள என்ன?"

"ஊசி விழுந்துடுச்சு" என்றார் அவர்.

பேக்கரிக்காரர் அதற்குக் கிண்டலாக ஒரு பதில் வைத்திருப்பார். சொல்லவில்லை. மாவுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏறி வந்து, அடுத்த சந்தில் குனிந்தார். இருவரும் சந்து சந்தாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். உள்ளே தண்ணீர் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. வெயில் வந்ததும் பேக்கரிக்காரர் இறங்கிப் போய்விட்டார். தையல்காரர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். தூரத்தில் கரை வளையும் இடத்துக்கு அருகில் தங்கை குனிந்து, எதையோ பார்த்து, நிமிர்ந்து, மேலே நடந்துகொண்டிருந்தாள்.